கமான் பட்டையும் அச்சு எஃகும்: பேத்துப்பாறைச் சரிவில் இரண்டு கத்திகள்

கொடைக்கானல் மலைப்பாதையில் பாரம் ஏற்றிக்கொண்டு ஏறி இறங்கும் லாரிகளுக்குக் கமான் பட்டை ஒடிவது சாதாரணம். குழிக்குக் குழி குதித்து, லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்த எஃகு அது. ஒடிந்ததைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டுப் புதுப் பட்டையோடு வண்டி கிளம்பிவிடும். பழைய இரும்புக் கடையில் கிடக்கிற பட்டையைத் தட்டிப் பார்த்து எடுத்துப் போகிறவர் கொல்லுப் பட்டறைக்காரர். பேத்துப்பாறைப் பக்கம் காப்பித் தோட்டங்களில் நிழல் மரத்துக் கொப்பு கழிக்கவும், உண்ணிப் புதர் அடிக்கவும், விறகு தறிக்கவும் புழங்குகிற வெட்டரிவாளுக்கு அதுதான் பூர்வீகம்.

இப்போது இதே சரிவுக்கு இன்னொரு கத்தியும் வந்து சேர்ந்திருக்கிறது. மலையில் நிலம் வாங்கியவர்களும் கூடாரம் போட வருகிறவர்களும் கூரியரில் வரவழைக்கிற, மடங்காத, கனத்த கத்தி. அலகு ஒரு சாண் நீளம், முதுகு ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமன். அலகில் 'டி2' என்று பொறித்திருக்கும். கோவையிலும் அம்பத்தூரிலும் டூல் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய சரக்குதான். அங்கே அதை ஹெச்.சி.ஹெச்.சி.ஆர். (கார்பனும் குரோமியமும் மிகுந்த) வகை என்பார்கள். தகடு வெட்டுகிற டையும் பஞ்சும் செய்கிற அச்சு எஃகு.

ஆக, இரண்டுமே கத்திக்கென்று உருக்கிய எஃகு இல்லை. ஒன்று வளைந்து கொடுப்பதற்காகப் பிறந்தது. மற்றது ஆயிரக்கணக்கான தகடுகளை வெட்டிய பிறகும் தன் அளவிலிருந்து நகரக் கூடாது என்பதற்காகப் பிறந்தது. கத்தியான பிறகும் அந்தப் பிறவிக் குணம் இரண்டையும் விடவில்லை. எது உசத்தி என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. பேத்துப்பாறைச் சரிவில் கெட்டுப்போனால் எதை, யார், எங்கே சரிசெய்வது என்று கேட்டால் பதில் தானாக வரும்.

முதலில் சேர்மானம். லாரிப் பட்டையில் முக்கியமாக இரண்டு குடும்பங்கள் உண்டு. பழைய வழி சிலிக்கன்-மாங்கனீசு எஃகு. பிரிட்டிஷ் தரப்பெயரில் ஈஎன்45. கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம், சிலிக்கன் 1.5 முதல் 2 சதவீதம். மற்றது குரோமிய வழி. ஜப்பானியத் தரத்தில் எஸ்யூபி9, அமெரிக்கத் தரத்தில் 5160. கார்பன் ஏறக்குறைய 0.6, குரோமியம் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. பட்டறைக்கு வரும் பட்டையில் எந்தச் சீட்டும் ஒட்டியிருக்காது. இரண்டில் எது என்று ஆசாரிக்குத் தெரிய வேண்டுமென்றால் அடித்துப் பார்த்து, துவைத்து (காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து) பார்த்துத்தான் தெரிய வேண்டும்.

டி2-வில் கார்பன் 1.4 முதல் 1.6 சதவீதம். குரோமியம் 11 முதல் 13. கூடவே ஒரு சதவீதத்தை ஒட்டி மாலிப்டினமும் வனேடியமும். பட்டையைப் போல இரண்டரை மடங்கு கார்பன். இவ்வளவையும் இரும்பால் தனக்குள் கரைத்துக்கொள்ள முடியாது. மிஞ்சுகிற கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து கார்பைடு என்ற கெட்டித் துகள்களாக நிற்கிறது. கடலை மிட்டாயில் பாகுக்குள் பருப்பு நிற்பது போல. மிட்டாயை ஒடித்துப் பார்த்தால் பருப்பின் ஓரமாகவே விரிசல் ஓடியிருக்கும். டி2 பல் விழுவதும் அந்த வழியில்தான். சாதாரண வார்ப்பு முறையில் செய்த டி2-வில் இந்தத் துகள்கள் பெரியவை. உருட்டிய திசையில் வரிசை வரிசையாகக் கூடியும் கிடக்கும். கூரை மிக மெலிதாகத் தீட்டினால், கூரின் அகலத்தைவிடத் துகளே பெரிதாகிவிடுகிற இடங்கள் உண்டு.

பட்டை எஃகில் இந்தத் தொல்லை இல்லை. சரியான சூட்டில் அதன் கார்பன் அத்தனையும் இரும்பில் கரைந்துவிடும். தனியே நிற்கிற பெரிய துகள் ஏதும் இல்லை. அடியைத் தாங்குகிற விஷயத்தில் 5160 வகை எஃகு, கத்திக்குப் பயன்படும் எஃகுகளிலேயே முன்வரிசை. டி2 கடைசி வரிசைக்குப் பக்கத்தில். இரண்டையும் ஏறக்குறைய ஒரே கடினத்துக்குக் கொண்டுவந்து, சிறு துண்டுகளாக அறுத்து, சுத்தியல் ஊசலால் அடித்து முறிக்கிற சோதனையில் இந்த வித்தியாசம் பல மடங்காகத் தெரியும்.

இங்கே நம் ஊர்ப் பெருமைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டை அரிவாளை நம் மண்ணின் எஃகு என்றும் டி2-வை அந்நியச் சரக்கு என்றும் பிரித்துப் பேசுவது சுவையாக இருக்கலாம். சரித்திரம் அப்படி இல்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் மூசை உருக்கு செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. உலகம் 'உட்ஸ்' என்று பேசிய, மைக்கேல் பாரடே 1819-ல் சோதித்து எழுதிய அந்தத் தென்னாட்டு உருக்கில் கார்பன் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை. மெதுமையான இரும்புக்குள் கெட்டிக் கார்பைடு நிற்பதுதான் அதன் சூட்சுமம். அமைப்பைப் பார்த்தால் அது டி2-வுக்குப் பெரிய பாட்டன் முறை. கமான் பட்டை மோட்டார் வண்டியோடு நேற்று வந்த விருந்தாளி. அதற்கு முன்னால், மெதுவான இரும்பில் வெட்டுவாய்க்கு மட்டும் உருக்கு வைத்து அடித்த அரிவாள்தான் வழக்கம். பட்டை வந்ததும் அந்த ஒட்டு வேலை தேவைப்படாமல் போயிற்று.

சேர்மானம் பாதிக் கதைதான். மீதி நெருப்பில் இருக்கிறது, இரண்டு கத்தியும் உண்மையில் பிரிகிற இடமும் அதுவே.

பட்டறையில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். பட்டை லாரியில் இருந்தபோது, கடினப்படுத்திய பிறகு 400 டிகிரிக்கு மேல் காய்ச்சி விடப்பட்டது. கடினத்தை அளக்கிற ராக்வெல் கணக்கில் நாற்பதுகளின் நடுவில் நிற்கும். ஆசாரி அதை உலையில் வைத்த நிமிஷமே அந்தப் பழைய பதம் அழிந்துபோகிறது. துருத்தி இருந்த இடத்தில் இன்று மின்சார ஊதி. கரிக்குள் பட்டை ஆரஞ்சு நிறமாகி மஞ்சளை எட்டும்போது குறட்டால் இழுத்துப் பட்டறைக்கல்லில் வைக்க, சம்மட்டி விழுகிறது. பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமனை முதுகில் ஐந்தாறாக்கி, வாய்ப்பக்கம் மெலிதாக்கி, நுனியை உள்ளே வளைத்து, காம்பை இழுத்துவிடுகிறார். அந்த வளைந்த நுனிக்கு இரண்டு வேலை. கொடியையும் கொப்பையும் இழுத்துப் பிடித்து வெட்ட உதவும். தரையில் பட்டாலும் முதலில் மூக்குப்படும், வெட்டுவாய் தப்பும். கூரியரில் வரும் கத்தியின் நேர் நுனிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அடித்து முடித்த அரிவாளை அரத்தால் ராவிய பிறகுதான் முக்கியமான கட்டம். பட்டறைகள் ஏன் பெரும்பாலும் அரை இருட்டில் இருக்கின்றன என்பது இப்போது புரியும். எஃகின் சூட்டை ஆசாரி நிறத்தால்தான் அளக்கிறார். வெயிலில் 800 டிகிரியும் 900 டிகிரியும் ஒன்றுபோல மங்கித் தெரியும். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். பட்டை எஃகுக்கு அதற்கும் சற்று மேலே, 815 முதல் 845 வரை, சூடு வேண்டும். அப்போது வாய்ப்பக்கத்தை மட்டும் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீரில் இறக்குகிறார். சுர்ரென்ற சத்தம் அடங்குவதற்குள் வெளியே எடுத்துவிடுவார். முதுகு இன்னும் சிவந்திருக்கும். வாயை ஒரு செங்கல் துண்டால் விறுவிறுவென்று தேய்த்துப் பளிச்சிட வைக்கிறார். முதுகிலிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்குகிறது. பளிச்சென்ற இடத்தில் வைக்கோல் நிறம் படர்கிறது, பிறகு தவிட்டு நிறம், பிறகு ஊதா. வைக்கோல் நிறம் என்றால் 220, 230 டிகிரி. ஊதா என்றால் 280. எந்த நிறத்தில் மறுபடி தண்ணீரில் அமிழ்த்துகிறாரோ அதுதான் அந்த அரிவாளின் தலையெழுத்து. துவைச்சல் என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். கடினமாக்குவதும் பதப்படுத்துவதும் ஒரே சூட்டில் முடிந்துவிடுகின்றன.

இதன் பலன், ஒரே இரும்பில் இரண்டு குணம். வாய் கெட்டி, முதுகு மெதுமை. வாயில் விரிசல் விட்டால்கூட முதுகு வரை ஓடாது, பாதியில் நின்றுவிடும். நேபாளத்தில் குக்கிரி அடிப்பவர்களும் லாரிப் பட்டையைத்தான் எடுக்கிறார்கள். அவர்கள் அமிழ்த்துவதற்குப் பதில் கெண்டியால் வாயோரமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வெகுதூரத்தில் இருக்கிற இரண்டு மலைக்காரர்கள் ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

டி2-வை இப்படிச் செய்ய முடியாது. அதற்கு 1010 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சூடேறியதும் எடுத்துவிடவும் கூடாது. குரோமியக் கார்பைடுகளில் ஒரு பகுதி கரைவதற்கு அரைமணி நேரத்தையொட்டி அதே சூட்டில் நிறுத்த வேண்டும். கரி உலையில் அவ்வளவு நேரம் வைத்தால் மேல்தோலின் கார்பன் எரிந்துபோகும். ஆகவே மஃபிள் உலை அல்லது வெற்றிட உலை. வெளியே எடுத்தால் காற்றிலேயே இறுகிவிடும்; தண்ணீரும் எண்ணெயும் வேண்டாம். பிறகு 200 டிகிரியையொட்டி இரண்டு தடவை பதப்படுத்தினால் ராக்வெல் 60, 61. காற்றிலேயே இறுகுகிற எஃகு என்பதால் வாய் மட்டும் கெட்டி, முதுகு மெதுமை என்று பிரிப்பது சுலபம் இல்லை. முதுகும் 60, வாயும் 60.

இந்த இடத்தில் டி2-வுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். கணினி ஓட்டுகிற உலையிலிருந்து ஒரே நாளில் வெளிவரும் இருநூறு கத்தியும் ஒரே மாதிரி இருக்கும். பட்டறையில் ஒரே பட்டையிலிருந்து அடித்த இரண்டு அரிவாள் ஒரே மாதிரி இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அரிவாளைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பட்டறையின் குறைகளைப் பேசுவதில்லை. பேச வேண்டும்.

முதல் குறை பட்டையிலேயே இருக்கிறது. ஒடிந்த பட்டை என்றால் களைத்த எஃகு. ஒடிந்த இடத்தில் மட்டும்தான் விரிசல் என்று நினைக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் வேறு இடங்களிலும், முக்கியமாக நடு போல்ட் துளையைச் சுற்றி, இருக்கும். நெருப்பும் சம்மட்டியும் அதை ஒட்டவைக்காது. துவைச்சலின்போது அந்த விரிசல் வாயைப் பிளந்துகொள்ளும். இரண்டாவது, அதிக சூடு. பட்டை வெளிர் மஞ்சளுக்குப் போய் அங்கேயே நின்றால் எஃகின் மணிகள் பருத்துவிடும். ஒடித்துப் பார்த்தால் முறிந்த இடம் சாம்பல் பட்டாக இல்லாமல் கல்லுப்பு மாதிரி மினுங்கும். அப்படிப்பட்ட அரிவாள் எத்தனை நல்ல பட்டையில் பிறந்திருந்தாலும் பயனில்லை. இதற்கு மருந்து ஒன்றுதான்: அடித்து முடித்தபின் காந்தம் ஒட்டாத சூட்டுக்கும் சற்று மேலே கொண்டுவந்து காற்றில் ஆறவிடுவது, இரண்டு மூன்று தடவை. காசில்லாத வேலை, ஆனால் நேரம் பிடிக்கிற வேலை என்பதால் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

மூன்றாவது குறை தண்ணீர். எஸ்யூபி9, 5160 வகைகள் எண்ணெயில் துவைப்பதற்கு ஏற்றவை. தண்ணீரில் அவை அவசரமாக இறுகும். உள்ளே ஒரு பக்கம் விரிய, மறுபக்கம் சுருங்க, இழுபறியில் வாய் கீறிக்கொள்ளும். முழுக் கத்தியையும் தண்ணீரில் போட்டால் ஆபத்து அதிகம். வாயை மட்டும் தோய்ப்பதால்தான் பட்டறை முறை பெரும்பாலும் பிழைத்துப்போகிறது. சிலிக்கன் பட்டைக்கு வேறு நோய்: உலையில் மேல்தோலின் கார்பன் சீக்கிரம் எரிந்துபோகும். புது அரிவாள் ஒரு வாரம் கூர் நிற்கவில்லை, இரண்டு மூன்று தடவை தீட்டியதும் திடீரென்று நன்றாக வெட்டுகிறது என்று சொல்வார்கள். ஆசாரியின் கைராசி என்று அதை நினைப்பதுண்டு. மெதுவான தோல் தேய்ந்து நல்ல எஃகு வெளியே வந்ததுதான் காரணம்.

இனித் தோட்டம். பேத்துப்பாறைச் சரிவில் கத்திக்கு வருகிற வேலை ஒரே மாதிரி இல்லை. சில்வர் ஓக் கொப்பு ஓரளவு மெதுமை. காய்ந்த சீகைக் கட்டையின் கணு இரும்பு மாதிரி. வாழைத் தண்டு வெண்ணெய். ஆனால் பால் கறை கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். சரிவில் இன்னும் கீழே மூங்கில். மூங்கிலின் தோலில் சிலிக்கா உண்டு. எந்தக் கூரையும் மெல்ல மெல்ல அரிக்கும். பிறகு வேர். மண்ணோடு சேர்த்து வெட்டுகிற வேர்தான் கத்திகளுக்கு உண்மையான பரீட்சை.

மண்ணில் இருக்கிற மணல்துகள் குவார்ட்ஸ். அதன் கடினம் விக்கர்ஸ் அளவில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. நன்றாகப் பதப்பட்ட அரிவாள் வாய் ராக்வெல் 56, 57 என்று வைத்துக்கொண்டால் விக்கர்ஸ் கணக்கில் 630-ஐ ஒட்டி வரும். மண் எஃகைவிடக் கெட்டி. ஆகவே மண் வெட்டும், எஃகு தேயும். டி2-வின் இரும்புப் பகுதியும் 700-தான். ஆனால் அதற்குள் நிற்கிற குரோமியக் கார்பைடு 1500-ஐ ஒட்டியது. மணல் அதைக் கீற முடியாமல் வழுக்குகிறது. மண்ணும் மூங்கிலும் மட்டும்தான் எதிரி என்றால் டி2 அரிவாளைவிட நெடுநேரம் கூர் தாங்கும். சந்தேகமே இல்லை.

சிக்கல் என்னவென்றால், எந்த மண்ணில் மணல் இருக்கிறதோ அதே மண்ணில் கல்லும் இருக்கிறது. பழனி மலையின் சரிவில் ஓர் அடி தோண்டினால் உடைந்த பாறைத் துண்டு தட்டுப்படும். வேரை வெட்ட ஓங்குகிற கத்தி கல்லில் விழுவது தவிர்க்க முடியாதது. அந்த ஒரு கணத்தில் அரிவாள் வாய் மடங்கும், அல்லது ஓரிடத்தில் சப்பையாகும். டி2 வாயில் பிறைபோல ஒரு சில்லு பறந்துபோகும். ஒரு மில்லிமீட்டர் ஆழச் சில்லைத் தேய்த்து எடுக்க வேண்டுமென்றால் அலகு முழுதையும் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். டி2 எதை நன்றாகத் தாங்குகிறதோ அதன் பக்கத்திலேயே அதன் எமனும் படுத்திருக்கிறான்.

தீட்டுகிற கதையும் இதன் தொடர்ச்சிதான். அரிவாள் மழுங்கினால் தோட்டத்தில் என்ன செய்கிறார்கள்? ஓடையோரம் ஒரு வழவழப்பான பாறை, கொஞ்சம் தண்ணீர், பத்து நிமிஷம். இந்த மலையின் பாறை சார்னோக்கைட். அதில் குவார்ட்ஸும் பெல்ஸ்பாரும் கலந்திருக்கின்றன. (கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கிற கல், பல்லாவரத்துப் பக்கமிருந்து போனது, பாறைக்குப் பேர் வந்தது அதனால்தான். நம் கல்லுக்கு அவர் பேர்.) அந்தக் குவார்ட்ஸ் அரிவாளைவிடக் கெட்டியாக இருப்பதால் பாறை அரிவாளைத் தீட்டும். அதே பாறையில் டி2-வைத் தேய்த்தால் கார்பைடைச் சுற்றியிருக்கும் இரும்பு மட்டும் தேயும். கார்பைடு மழுங்கிய தலையோடு அப்படியே நிற்கும், அல்லது பிடி இல்லாமல் உதிரும். பளபளப்பு வரும், கூர் வராது. வீட்டுக்கு எடுத்துப் போய் அலுமினா கல்லிலோ வைரத்துகள் பூசிய தகட்டிலோதான் தீட்ட வேண்டும். அது ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. ஆனால் பேத்துப்பாறையில் மழை பெய்யும்போது தோட்டத்தின் நடுவில் நிற்கிறவரிடம் அது இருக்குமா என்பதுதான் கேள்வி. அரிவாளுக்கு வேண்டிய சாணைக்கல்லை மலையே வைத்திருக்கிறது.

அரிவாள் இன்னும் மோசமாகக் கெட்டால், வாய் முழுக்க நைந்தால், மலையிலிருந்து இறங்கிப் பட்டறையில் கொடுத்தால் காய்ச்சி அடித்து மறுபடி துவைச்சல் போட்டுத் தருவார்கள். அரிவாளுக்கு மறுபிறவி உண்டு. டி2-வைக் காய்ச்சி அடிக்க எந்தப் பட்டறைக்காரரிடமும் கொடுக்கக் கூடாது. செங்கல் சிவப்பில் அடித்தால் பிளந்துவிடும், கரி உலையில் மறுபடி கடினப்படுத்தவும் வராது. கோவை வரை போக வேண்டும். யாரும் போகப்போவதில்லை. அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

துருவைப் பற்றி ஒரு வரி போதும். 12 சதவீதம் குரோமியம் என்றதும் டி2 துருப்பிடிக்காது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். குரோமியத்தில் பெரும்பங்கு கார்பைடில் சிறைப்பட்டுவிடுவதால் மிச்சமிருப்பது எவர்சில்வர் ஆகப் போதாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உறைக்குள் வைத்த டி2-வில் புள்ளிப் புள்ளியாகத் துரு குழி பறிக்கும். அரிவாள் மேலோடு மேலாகக் கறுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்ததும் அடங்கிவிடும். இரண்டில் ஒன்றும் ஒழுங்காகத் துடைக்காதவர்களுக்கு உகந்ததில்லை.

அமெரிக்கக் கனத்த கத்திகள் எல்லாமே டி2 என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயும் காட்டுக்குப் போகிறவர்களுக்குச் செய்கிற பேர்பெற்ற கம்பெனிகள் வெகுகாலமாக 1095 என்ற சாதாரணக் கார்பன் எஃகைத்தான், 56, 57 கடினத்தில் வைத்து விற்கின்றன. உலகப்போர்க் காலத்து மரைன் கத்தியான கேபார் அந்த வம்சம்தான். அவர்களும் கல்லில் அடிபடுகிற கத்திக்கு மடங்குகிற வாயே மேல் என்று கண்டிருக்கிறார்கள். டி2-வின் குறையைத் தீர்க்க வந்தது சிபிஎம் 3வி என்ற பொடி எஃகு. உருகிய எஃகைத் துளியாகத் தெளித்துப் பொடியாக்கி, அழுத்திக் கட்டியாக்குவதால் கார்பைடுகள் சில மைக்ரான் அளவிலேயே நின்றுவிடுகின்றன. 58 முதல் 60 கடினத்திலும் அடி தாங்கும், தேய்மானமும் தாங்கும். நல்ல எஃகு, மறுக்க முடியாது. விலையும் அப்படி. அதிலிருக்கிற வனேடியக் கார்பைடு, குரோமியக் கார்பைடைவிட இன்னும் கெட்டி. ஓடைப் பாறைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

அதனால் என் தீர்ப்பு பட்டைக்குத்தான், ஆனால் பட்டறை இன்று செய்கிற மாதிரி அப்படியே இல்லை. எஃகில் குறை இல்லை. நெருப்பில்தான் கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கிறது. சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்திக்குப் போனாலும் சரி, மலையடிவாரத்துச் சிறு பட்டறைக்குப் போனாலும் சரி, ஆசாரியிடம் நான்கு விஷயம் கேட்டு வாங்கலாம். ஒடிந்த பட்டை வேண்டாம், பாடி கட்டுகிற இடங்களில் மிஞ்சுகிற புதுத் துண்டு இருந்தால் அதில் அடியுங்கள் என்று கேட்கலாம். துவைக்கும் முன் மூன்று தடவை காற்றில் ஆறவிடச் சொல்லலாம். காந்தத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் உலைப்பக்கம் தொங்கவிடலாம்; ஒட்டாமல் போன பிறகு இன்னும் ஒரு சாயல் சிவப்பு கூடியதும் துவைத்தால் போதும். நான்காவது, தண்ணீருக்குப் பதில் கை பொறுக்கிற சூட்டில் எண்ணெய். முதலில் சிரிப்பார். காசு கூடக் கொடுத்தால் செய்வார். தன் வேலையில் அக்கறையுள்ள ஆள் என்றால் காசில்லாமலே செய்து பார்ப்பார்.

நிறம் பார்த்துப் பதப்படுத்துவதை மட்டும் அவர் கையிலேயே விடாமல், எண்ணெயில் துவைத்ததை அப்படியே வாங்கிவந்து வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவைத்து மறுபடி இரண்டு மணி நேரம் வைப்பது உத்தமம். ஓவனுக்குள் ஒரு தட்டு மணல் வைத்தால் சூடு ஏறி இறங்காது. கொடைக்கானலில் பேக்கரிக்குப் பஞ்சமில்லை; ரொட்டி வேகிற சூடு அரிவாளுக்குப் பதம் வருகிற சூட்டை ஒட்டியதுதான், பழக்கமான பேக்கரிக்காரர் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். துவைத்த வாய் கண்ணாடி போல நொறுங்கக்கூடியது. பதப்படுத்தும் முன் கீழே போட்டுவிடக் கூடாது. வாயை மட்டும் தோய்க்காமல் முழுக் கத்தியையும் எண்ணெயில் துவைத்திருந்தால், முதுகைக் கேஸ் டார்ச்சால் நீலம் ஏறும் வரை சூடாக்கி, வாயை ஈர மணலில் புதைத்து வைத்துக் காப்பாற்றினால் பழைய இரட்டைக் குணமும் திரும்பிவிடும்.

பட்டறையில் பேரும் போன் நம்பரும் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். 2021-ல் ரவுடிகளைத் தேடித் தமிழகம் முழுக்கப் போலீஸ் சோதனை நடத்தியபோது, அரிவாள் வாங்குகிறவர் விவரத்தை எழுதி வைக்கச் சொல்லிப் பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தினார்கள். ஆயுதச் சட்டத்தின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய ஆயுதத்துக்கு உரிமம் வேண்டும்; வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை விலக்கு. தோட்டத்து அரிவாள் தோட்டத்தில் இருக்கிறவரை சங்கடம் இல்லை. பஸ்ஸில் எடுத்துப் போகும்போது சாக்கில் சுற்றிப் போவது நல்லது.

வாங்கியதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஐந்தாறு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைப் பிடிகருவியில் கட்டி, தீட்டிய வாயைச் சாய்த்து அதன்மேல் அழுத்தி இழுக்க வேண்டும். வெளிச்சத்தில் பார்த்தால் கம்பி பட்ட இடத்தில் கூர் லேசாக வளைவது தெரியும். கம்பியை விட்டதும் நேராகிவிட்டால் பதம் சரி. வளைந்தது வளைந்தபடி நின்றால் மெதுமை. மறுபடி துவைக்க வேண்டும். சில்லு தெறித்தால் இன்னும் பத்து இருபது டிகிரி கூட்டி மறுபடி ஓவனில் வைக்க வேண்டும். சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் பக்கத்தில் நின்று, பொறி பறக்கும்போது நிமிஷத்துக்கொரு தடவை தண்ணீரில் முக்கச் சொல்ல வேண்டும். வாயோரம் நீலக் கோடு விழுந்தால் அங்கே 300 டிகிரி ஏறிவிட்டது என்று பொருள். அதுவரை பட்ட பாடு அந்தக் கோட்டோடு போச்சு.

ஏற்கெனவே டி2 வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பக்கத்துக்கு 15 டிகிரியில் வந்திருக்கும் கூரை 22, 23-க்கு மாற்றித் தீட்டினால் பல் விழுவது குறையும். மூங்கில் பிளக்க, கயிறு அறுக்க, பச்சைக் கொப்பு கழிக்க அது நன்றாக உழைக்கும். வேரும் கணுவும் வந்தால் அரிவாளை எடுங்கள்.